பூச்சிக்கு ஒரு வீடு

கண்ணாடிப் பெட்டிக்குக் கிளிப்பு விழுந்துருச்சு. டக்குன்னு சத்தம் வந்துச்சு, என் ரெண்டு காதாலயும் கேட்டேன். இருந்தாலும் ஒரு தடவை எடுத்துட்டு மறுபடி போடறேன். டக். சரி. இடது பக்கம்? அதுவும் டக். சுண்டுவிரல் நுழையற சந்து இருந்தாப் போதும், வெளிய வந்துரும்னு அரசி சொன்னா. "பாம்புக்குத் தலை நுழைஞ்சாப் போதும்மா, மிச்ச உடம்பு தானா வந்துரும்"னு, என்னமோ ஒரு டம்ளர் ரவைக்கு எத்தனை டம்ளர் தண்ணின்னு சொல்ற மாதிரி போன்ல சொல்றா. அவ வாயில அந்தப் பேரு எவ்வளவு லேசா வருது. என் வாயில வராது. எனக்கு ஐம்பத்தேழு வயசு. நாப்பத்தேழு வருஷமா அந்த மூணெழுத்தை நான் சொன்னதில்லை. ராத்திரி மட்டும் இல்ல, பட்டப்பகல்லயும் சொன்னதில்லை, மனசுக்குள்ளகூட நானாச் சொல்றதில்லை. பூச்சி. அதுவும் மூணெழுத்துதானே, இது போதும் எனக்கு. பூச்சி நாலு மணிக்கு வருது. பெங்களூர்லருந்து அரசி மடியில பெட்டிக்குள்ள சுருண்டுகிட்டு, காரு வச்சுகிட்டு வருது மகாராணி. என் பொண்ணு இந்த வீட்டு வாசப்படி மிதிச்சு ஒரு வருஷம் எட்டு மாசம் ஆச்சு. இப்ப கோயமுத்தூருக்கே வேலையை மாத்திக்கிட்டு வர்றா. இனிமே என்கூடவே இருப்பா, ஆனா ஒரே ஒரு பிடிவாதம். "அதுக்கு இடம் இருந்தாத்தாம்மா எனக்கும் இடம். இல்லன்னா ஆபீஸ் பக்கத்துல ரூம் பாத்துக்கறேன். கோவமாச் சொல்லல, சும்மா சொல்றேன்." சும்மா சொல்றாளாம்! பெத்தவளுக்குத் தெரியாதா எது சும்மா எது கோவம்னு. மூணு நாள் முன்னாடியே கண்ணாடிப் பெட்டியை அனுப்பிட்டா, கூடவே சாமான் எல்லாம், செய்முறை எல்லாம் வாட்ஸாப்புல குரலாவே. அவ வர்றதுக்குள்ள நான் இதை வீடாக்கணும். அது இதுக்குள்ள தங்கி, நானும் ஊரைக் கூட்டாம இருந்தா, அரசி என்கிட்ட இருப்பா. இல்லன்னா ரூமு. அவ்வளவுதான் விஷயம். மணி ரெண்டேகால். மேல் மூடி சரி. முன்பக்கக் கண்ணாடி சரி. இன்னொரு தடவை பாத்துடறேன். டக்.

ரெண்டு ஒளியற இடம் வைக்கணுமாம். ஒண்ணு சூட்டுப் பக்கம், ஒண்ணு குளிர்ச்சிப் பக்கம். ஒண்ணு போதாதாடின்னு கேட்டேன். "ஒண்ணுதான் வச்சா, பயத்துல அதுக்குள்ளயே கிடக்கும்மா. உடம்பு சூடு கேட்டாலும் வெளிய வராது. பயப்படற ஜீவனுக்கு எங்க போனாலும் ஒளிய ஒரு இடம் வேணும்"னா. அது பயப்படுமாம்! உலகமே அதைப் பாத்து ஓடுது, அது யாரைப் பாத்து ஓடும்? என்னைப் பாத்தாம். சரிதான். பரண்லருந்து ரெண்டு மண்சட்டி எடுத்தேன், நான் மீன் குழம்பு வச்சு வச்சு அடி கறுத்த சட்டி, ரெண்டும் ஒரே அளவு. கவுத்துப் போட்டு, வாய்ப்பக்கம் கொஞ்சம் தட்டி உடைச்சு வாசல் வச்சாச்சு. உடைஞ்ச ஓரம் கூரா இருந்துச்சு. அதோட தோல்ல கீறிடும்னு அம்மிக்கல்லுல தேய்க்கறேன், தேய்ச்சுக்கிட்டே இருக்கேன், பொடி பொடியா விழுது, எனக்கே சிரிப்பு வருது. ஏண்டி வல்லி, அதுக்குக் கீறிடக்கூடாதுன்னா நீ தேய்க்கறே? எங்கக்கா மங்கை பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா. அக்காவுக்கு இந்த மாதிரி வேலைன்னா உசுரு. போத்தனூர் ரயில்வே காலனியில எங்க வீடு கடைசி லைன், வீட்டுக்குப் பின்னால தண்டவாளத்துக்குப் போடற பழைய மரக்கட்டைங்களை அடுக்கி வச்சிருப்பாங்க, தாரு வாசனை வெயில்ல கிறுகிறுன்னு ஏறும். அந்த அடுக்கு மேல ஏறி உக்காந்துதான் அக்கா படிப்பா, தின்பா, பாடுவா. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில ஆணியால ஓட்டை போட்டு அதுக்குள்ள ஓணான் குஞ்சு வளத்தா. அதுக்கு ஒளிய இடம் வேணும்னு தீப்பெட்டி ஒண்ணு உள்ள வச்சிருந்தா. தீப்பெட்டி! இப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது. பதினஞ்சு வயசுல அவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? வாட்ஸாப்பா இருந்துச்சு? ஒரு நாள் கட்டை அடுக்குக்குள்ளருந்து ஒரு சட்டை எடுத்துட்டு வந்தா, அது உரிச்சுப் போட்ட சட்டை, முழுசு, கண்ணு மேல இருந்த ரெண்டு வட்டம்கூட அப்படியே. வெங்காயச் சருகு மாதிரி இருந்துச்சு. காலனிப் பொண்ணுங்க எல்லாம் மயிலிறகு வச்சுக் குட்டி போடும்னு காத்துகிட்டு இருந்தப்போ, எங்கக்கா பூகோளப் புத்தகத்துக்குள்ள அந்தச் சட்டையை மடிச்சு வச்சுகிட்டா. எனக்கு அப்போ பத்து வயசு. அவ பக்கத்துல படுக்கவே பயந்தேன், அவ இல்லாமப் படுக்கவும் பயந்தேன்.

போதும் தேய்ச்சது, விரல்ல ஓரம் உறுத்தல. தேங்கா நார்த் தூள் இன்னும் வாளியில ஊறிக்கிட்டு இருக்கு. செங்கல் மாதிரி கட்டியா வந்துச்சு, தண்ணி ஊத்தினதும் பொங்கி வாளி நிறைஞ்சுருச்சு. "ஈரம் அதிகமா இருந்தா அதுக்கு வயித்துத் தோல் புண்ணாயிரும். கைப்பிடியில பிடிச்சாப் பிடிபடணும், விட்டா உதிரணும்." அடிப்பாவி, அது புட்டு மாவுப் பதம்டி! எனக்கா சொல்றே? புட்டு மாவுப் பதம் எனக்கு மாதவிச் சேச்சி சொல்லிக்குடுத்தது. ஆறு வீடு தள்ளி, கருணாகரன் மாமா சம்சாரம். மாமா கம்பவுண்டர், பாலக்காட்டுப் பக்கம், காலனிக்கு வந்து நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு. சேச்சி எங்ககூடச் சேந்து ஒரே மாசத்துல தமிழ் பேச ஆரம்பிச்சுட்டா. மாமாவுக்குத்தான் வரவே வராது. நாங்க ஒண்ணு சொன்னா அவருக்கு ஒண்ணு கேக்கும். அக்கா அவரை வம்புக்கு இழுத்துகிட்டே இருப்பா. "மாமா, எங்க வீட்டுல சக்கை இருக்கு, வேணுமா"ன்னு கேட்டு, அவர் பலாப்பழம்னு நினைச்சு வந்தா கரும்புச் சக்கையை நீட்டுவா. அவரும் கோவிச்சுக்க மாட்டார், "நீ ஒரு ராட்சசியாணு கேட்டோ"ன்னு தலையில குட்டுவார். ஞாயித்துக்கிழமை சேச்சி வீட்டுப் புட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் வாசல்லயே நிப்போம். மூங்கில் குழாய்லருந்து புட்டு வெளிய வரும்போது ஆவி அடிக்கும், அந்தத் தேங்கா வாசனை. இந்த நாருக்கும் லேசா அந்த வாசனை இருக்கு. பிடிச்சுப் பாக்கறேன். பிடிபடுது. விடறேன். உதிருது. ரெண்டு அங்குலம் கனத்துக்குப் பரப்பியாச்சு. தண்ணிக்கு எவர்சில்வர் கிண்ணம் வச்சா கவுத்துரும்னா, மாக்கல் கிண்ணத்தை வச்சேன், அதை யானை வந்தாலும் கவுக்க முடியாது. புளிக்குழம்பு வச்ச கிண்ணத்துல பூச்சி தண்ணி குடிக்கப் போகுது. எங்கம்மா இருந்திருந்தா என்னைக் கிணத்துல தள்ளியிருப்பா.

எங்கம்மாதான் அந்தச் சட்டத்தைப் போட்டவ. விளக்கு வச்சாச்சுன்னா அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. பேரைச் சொன்னா கூப்பிட்ட மாதிரி ஆயிரும், வந்துரும், பூச்சின்னு சொல்லு. காலனியில எல்லார் வீட்லயும் இதேதான். சாயந்தரம் ஆனா ஊருல ஒரே பூச்சியாத்தான் இருக்கும். பெரியவங்க, "நேத்து கட்டையடியில ஒரு பூச்சி பாத்தேங்க, இம்மாம் நீளம்"னு கையை விரிச்சுச் சொல்வாங்க, கேக்கறவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் சட்டத்தை அப்படியே நம்பினவ. அக்கா அதை மீறறதுக்குன்னே பொறந்தவ. அம்மா விளக்கேத்திட்டு அந்தப் பக்கம் திரும்பினதும் என் காதுகிட்ட வந்து, "பாம்பு, பாம்பு, பாம்பு"ன்னு மூணு தடவை சொல்லுவா. நான் காதைப் பொத்திகிட்டுக் கத்துவேன். அம்மா வந்து எனக்குத்தான் ஒண்ணு வைப்பா. அக்கா பாவாடையை இழுத்து மூடிகிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி பூகோளம் படிப்பா, தக்காணப் பீடபூமி தக்காணப் பீடபூமின்னு. எத்தனை நாள் சொல்லியிருப்பா. ஒரு நாளும் எதுவும் வந்ததில்லை. ஒரு நாளைத் தவிர.

என்ன சத்தம் இது? கீ கீ கீன்னு. ஐயையோ, பெட்டிக்குள்ள வச்ச சூடு காட்டற கருவி. முப்பத்தெட்டுன்னு காட்டுது! முப்பத்திரெண்டுக்கு மேல போகவே கூடாதுன்னாளே, வெந்துரும்னாளே. பிடுங்கு, பிளக்கைப் பிடுங்கு. அப்பாடா. அடியில சூட்டுப் பாய் போட்டேன், பெட்டியில மூணுல ஒரு பங்குக்கு மட்டும், சரியாத்தான் போட்டேன். அதோட ஒயர் நுனியில இருக்கற சின்னக் குமிழ், அதுதான் சூட்டைப் பாத்து நிறுத்தற கண்ணு, அதை எங்க ஒட்டினேன்? வெளிய. பெட்டிக்கு வெளிய பீரோ மேல ஒட்டி வச்சிருக்கேன், புத்திசாலி. அது பீரோவோட சூட்டைப் பாத்துகிட்டு இன்னும் பத்தல இன்னும் பத்தலன்னு சூடாக்கிக்கிட்டே இருந்திருக்கு. நல்லவேளை, உள்ள ஜீவன் இல்ல. இருந்திருந்தா? அரசி வந்து பாத்திருந்தா? "அம்மா, உனக்குப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேம்மா"ன்னு ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பா, பெட்டியை எடுத்துகிட்டுப் போயிருப்பா. குமிழை உள்ள கொண்டாந்து, சட்டிக்கு அடியில, பாய் மேல, ரெண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டறேன். தப்பான இடத்துல வச்சா, தப்பான சேதிதான் போகும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தொரு வருஷம் இதைத்தானே சொல்லிச் சொல்லிப் புதுப் பொண்ணுங்க உயிரை எடுத்தேன். ஊர்ப் பேரை ரெண்டு தடவை சொல்லுங்க, எழுத்து எழுத்தாச் சொல்லுங்க, அவங்க திருப்பிச் சொன்னாத்தான் லைனைக் குடுங்க. ஈ-ரோ-டு. ஈரோடு. எனக்கு அங்க பேரே ரெண்டு தடவை வல்லி. கேலி பண்ணுவாங்க, "மேடம், சாப்டீங்களா மேடம், சாப்டீங்களா"ன்னு. நானும் சிரிப்பேன். ஏன்னு ஒருத்திக்கும் தெரியாது. பிளக்கைச் சொருகறேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. மெதுவா ஏறட்டும். பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.

மணி அஞ்சு. நாலுக்கு வர்றேன்னவ. போன் பாத்தேன், குரல் ஒண்ணு வந்திருக்கு. "அம்மா, சத்தியமங்கலத்துல ரோட்டுல மரம் விழுந்துருச்சு, லேட்டாகும். முறுக்கு நல்லாத் தூங்கறா. நீ சாப்டியா?" முறுக்குதான் அதுக்குப் பேரு. சுத்திச் சுத்திக் கிடக்கறதால முறுக்காம். நீ சாப்டியான்னு கேட்டா பாரு, அதை மட்டும் நாலு தடவை போட்டுக் கேட்டேன். ஒரு வருஷம் எட்டு மாசத்துல அவ இப்படிக் கேட்டது இல்ல. பேசுவோம், பேசாம இல்ல, மாத்திரை போட்டியா, போட்டேன், மழையா, மழைதான், வச்சிரட்டா, சரி. அந்தச் சண்டை எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. இந்த ஹால்லதான், அவங்கப்பா படத்துக்குக் கீழ. போனை நீட்டினா, வீடியோ, கழுத்துல அது கிடக்கு, இவ சிரிக்கறா. கெஞ்சினா பாவம். "கடிக்காதும்மா, விஷமே கிடையாதும்மா. வெளிநாட்டு வகை, பதிவு பண்ணி பேப்பரெல்லாம் வாங்கிட்டேன்மா, பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்வளவுதான்." நான் அவ முகத்தைப் பாக்கல. கழுத்தைத்தான் பாத்தேன். மங்கையர்க்கரசின்னு எங்கக்கா பேரைத்தான் இவளுக்கு வச்சோம், எங்கப்பா அழுதுகிட்டே காதுல சொன்னார், கூப்பிட மட்டும் அரசின்னு பாதியை எடுத்துகிட்டேன், முழுசாக் கூப்பிட தைரியம் இல்ல. அந்தக் கழுத்துல அது. "அந்தப் பூச்சியைத் தொட்ட கையால என் வீட்டுக் கதவைத் தொடாதே"ன்னேன். நான்தான் சொன்னேன். சொல்லி முடிச்ச உடனே தப்புன்னு தெரிஞ்சுது, ஆனா வாய் மூடிக்கிச்சு. அவ பையை எடுத்துகிட்டுக் கதவைத் தொடாமலே போனா. கதவு திறந்துதான் இருந்துச்சு. நான்தான் அப்புறமாச் சாத்தினேன். பெரியம்மா எப்படிச் செத்தாங்கன்னு அவளுக்குத் தெரியும், அதனாலதான் எனக்குப் பயம்னு நினைச்சுகிட்டு இருக்கா. பாதிதான் தெரியும் அவளுக்கு. மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. கட்டினவர்கிட்டகூட. முப்பத்தொண்ணு புள்ளி எட்டு. நின்னுருச்சு. அந்தப் பக்கம் இருபத்தாறு. சரியா இருக்கு. கண்ணாடிக்குள்ள கையை விட்டு மண்ணுல உள்ளங்கையை வச்சுப் பாக்கறேன், இளஞ்சூடா இருக்கு.

பீரோவைத் திறக்க வேண்டாம்னு நினைச்சேன். திறந்துட்டேன். அடித்தட்டுல, பட்டுப்புடவைக்குக் கீழ, துணியில சுத்தின பூகோளப் புத்தகம். அம்மா போனப்புறம் என்கிட்ட வந்தது, பிரிச்சதே இல்ல. இன்னிக்கு என்ன வந்துச்சோ எனக்கு. தக்காணப் பீடபூமிப் பக்கத்துல அது அப்படியே இருக்கு. நாலஞ்சு துண்டா உடைஞ்சிருக்கு, ஆனா செதில் தெரியுது, தலைப்பக்கம் அந்த ரெண்டு வட்டம் தெரியுது. ஓரத்துல பென்சில்ல அக்கா எழுத்து: இதைத் தொடற கழுதைக்கு உதை விழும். அக்கா! நான்தாண்டி அந்தக் கழுதை. அழுதுட்டேன், சிரிச்சுகிட்டே அழுதேன், எழுத்துல அவ குரல் கேட்டுச்சு. ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன் போல. நிமிர்ந்தா ஜன்னல் இருட்டிக்கிட்டு வருது. ஆறேகால். எழுந்து முகம் கழுவி விளக்கு வச்சேன். திரி நின்னு எரிஞ்சுது. விளக்கு வச்சாச்சு.

அன்னிக்கு அக்காதான் விளக்கு வச்சா. அம்மா திருப்பத்தூருக்கு ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தா, அப்பா டூட்டி. திரியைத் தூண்டிட்டு நேரா என்கிட்ட வந்து, காதுல, பாம்பு பாம்பு பாம்பு. அம்மா இல்லாததால சத்தமாவே சொன்னா. நான் கத்தினேன். சிரிச்சுகிட்டே வெந்நீருக்கு விறகு எடுக்கப் பின்னால போனா, வெறுங்கால்ல. திரும்பி வரும்போது விறகு இல்ல. தானா நடந்து வந்து சமையக்கட்டு நிலைப்படியில உக்காந்து, கெண்டைக்காலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுகிட்டா. "வல்லி, இங்க பாரு, அழாத. கருணாகரன் மாமா வீட்டுக்கு ஓடு. அக்காவைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லு. ஓடு." ஓடினேன். ஆறு வீடு. ஒவ்வொரு ஜன்னல்லயும் விளக்கு. நாக்கு நுனியில அந்தப் பேரு. அவ சொன்னா, வந்துச்சு. என் கண்ணால பாத்தேனே, மூணு தடவை சொன்னா, வந்துருச்சு. நான் சொன்னா இன்னொண்ணு வரும், அக்கா தனியா உக்காந்திருக்கா, அவகிட்டதான் வரும். பத்து வயசுப் புத்திக்கு அது கணக்குதானே. மாமா எண்ணெய் தேய்ச்சுகிட்டுக் குளிக்க நின்னார். சேச்சி ஊர்ல இல்ல. "மாமா, அக்காவைப் பூச்சி கடிச்சிருச்சு." அவர் சிரிச்சார். "பூச்சயோ? ஆ கறுத்ததோ?" எனக்குப் புரியல. இருட்டுல கறுப்பாத்தானே இருந்திருக்கும்னு தலையாட்டினேன். "பேடிக்கண்டா மோளே. சோப்பிட்டு நல்லவண்ணம் கழுகான் பற. ஞான் குளிச்சிட்டு வராம்." பயப்படாதே, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு, வர்றேங்கறார். குளிச்சிட்டு வந்தார். தோள்ல துண்டு, கையில புதுச் சோப்பு ஒண்ணு. நிலைப்படியில அக்கா காலைப் பாத்ததும் அந்தச் சோப்பு கீழ விழுந்துச்சு. அவர் போட்ட அலறல் இன்னும் என் காதுல இருக்கு. அக்காவைத் தோள்ல தூக்கிகிட்டு ஜீப்பு கிடைக்கற வரைக்கும் ரோட்டுல ஓடினார் அந்த மனுஷன். ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தா. ரெண்டாம் நாள் என்னை உள்ள விட்டாங்க. முகமெல்லாம் வீங்கி, ஆனா கண்ணு அதே கண்ணு. "ஓடினியா?" "ம்." "நான் சொன்ன மாதிரியே சொன்னியா?" நான் தலையாட்டினேன். "சமத்து"ன்னா.

சமத்து. நாப்பத்தேழு வருஷமா அந்த ஒரு வார்த்தை. எல்லாம் முடிஞ்சு பதினாறாம் நாள் மாமா வந்து எங்க வாசல்ல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மலையாளத்துல பூச்சைன்னா பூனையாம். "ஞான் பூச்ச எந்நு கேட்டு மோளே, பூச்ச எந்நு கேட்டு." சேச்சி வளத்த கறுப்புப் பூனை கடிச்சதா நினைச்சுகிட்டாராம். தப்பெல்லாம் என் காதுலதான்னு அப்பா காலைப் பிடிச்சார். அப்பா அவரைத் தூக்கி நிறுத்தினார். நான் கதவுக்குப் பின்னால நின்னேன். மாமா, உங்க காது சரிதான், அக்கா சொன்னது வேற, நான் சொன்னது வேறன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்புறம் மாத்தலாகிப் போயிட்டார். இன்னும் அதையேதான் சுத்திச் சுத்தி வர்றேன். அக்கா சொன்னதால வந்துச்சா, நான் சொல்லாததால போனாளா? சொன்னதாலயா, சொல்லாததாலயா? ஒரு பக்கம் நினைச்சா வாயைத் திறக்கப் பயம், இன்னொரு பக்கம் நினைச்சா வாயைத் திறக்க வெக்கம். ரெண்டு பக்கமும் ஒளிய எனக்கு ஒரே இடம்தான் இருந்துச்சு, பூச்சி. அதுக்குள்ளயே கிடந்துட்டேன்.

இன்டர்காம் அடிக்குது. வாட்ச்மேன் மாரப்பன்.

"ஏனுங்கம்மா, உங்க பாப்பா வந்திருக்குதுங்க. மடியில வெச்சிருந்த பெட்டியைச் சோதிக்கோணும்னு வாங்கி மேசையில வெச்சிருக்கறனுங்க, காத்துக்கு ஓட்டையெல்லாம் போட்டிருக்குது. உள்ளார என்னமோ நெளியறாப்புல இருக்குதுங்க. என்ன சாமின்னு கேட்டா பூச்சிங்குது. என்ன பூச்சிங்க, பட்டுப்பூச்சிங்களா? உள்ள உட்டறட்டுங்களா?"

பின்னால அரசி குரல், கொஞ்சம் தள்ளி, மெதுவா. "அம்மா விளக்கு வச்சிருப்பாங்கண்ணா. பூச்சின்னே சொல்லுங்க."

இவ எதையும் நம்பாதவ. சின்ன வயசுலருந்தே என் சட்டத்தை எல்லாம் கேலி பண்ணினவ. கேட்டுல நின்னுகிட்டு, யாரோ ஒரு வாட்ச்மேன்கிட்ட, எனக்காக என் சட்டத்தைக் காப்பாத்தறா. அந்தப் பெட்டி மாரப்பன் மேசையில. பூச்சின்னு நினைச்சுகிட்டு என்னன்னு பாக்கலாம்னு அவன் மூடியைத் திறந்தா? பயத்துல போட்டா, மிதிச்சா? ரிசீவர் என் கையில இருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஆளு காதைக் குடுத்துகிட்டு நிக்கறான். விளக்கு எரியுது. அன்னிக்கு நான் ஓடின ஆறு வீட்டு ஜன்னலும் எரியுது.

"மாரப்பா."

"சொல்லுங்கம்மா."

"அது பூச்சி இல்ல. நல்லாக் கேட்டுக்கோ. பாம்பு."

"என்னதுங்கம்மா?"

"பாம்பு. பா-ம்-பு. திருப்பிச் சொல்லு."

"பா... பாம்புங்களா? ஐயோ முருகா!" நாற்காலி விழற சத்தம் கேட்டுச்சு.

"ஆமா, பாம்பு. விஷம் கிடையாது, கடிக்காது, பேப்பர் இருக்கு. பெட்டியைத் தொடாதே, அவளே எடுத்துக்கட்டும். அவளை மேல விடு."

வச்சுட்டேன். மூணு தடவை சொல்லியிருக்கேன். விளக்கைப் பாத்தேன். அப்படியேதான் எரியுது. வீடு அப்படியேதான் இருக்கு. கட்டிலுக்கு அடியிலருந்து ஒண்ணும் வரல, லிப்ட்டுதான் மேல வந்துச்சு. கதவைத் திறந்து வச்சேன், அகலமா. அரசி ரெண்டு கையாலயும் பெட்டியைப் பிடிச்சுகிட்டு வாசல்ல நிக்கறா. இளைச்சுட்டா. முடியை வெட்டியிருக்கா. கண்ணை விரிச்சு என்னையே பாக்கறா.

"அம்மா. கீழ ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. நீயாம்மா சொன்னே?"

"சொன்னேன்."

"வாயைத் திறந்து? விளக்கு வச்சப்புறமா?"

"அவ சொன்ன மாதிரியே சொன்னேன்."

"எவ சொன்ன மாதிரி?"

"உள்ள வா மங்கையர்க்கரசி, சொல்றேன். மொதல்ல பாம்பை அதோட வீட்டுல விடு. முப்பத்திரெண்டுல நிக்குது, கிளிப்பை நான் போடறேன்."